கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீர்

கந்தம்மாளுக்கு மாரியாத்தா மேல் பக்தி அதிகம். வாய் அதைவிட அதிகம். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் இருபது வருடமாக இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஐப்பசியில் மாரியாத்தா கோயில் வாசல் முழுக்க கிரானைட் பதித்தார்கள். லாரி பாடி பட்டறைக்காரர் குணசீலன் உபயம். நல்ல மனுசன்தான், ஆனால் கொடுத்ததைக் கல்லில் வெட்டாமல் விடமாட்டார். வாசலில் இருக்கும் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு விரல் மண்கூட மிச்சமில்லை. மரத்தடியில் அவர் பெயர்.

பங்குனியில் நோம்பி சாட்டி, அதாவது திருவிழா அறிவித்து, வேம்புக்குப் பக்கத்தில் முக்கிளைக் கம்பம் நட்டார்கள். கம்பம்தான் ஆத்தாளின் புருசன் என்பது எங்கள் வழக்கம். பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்போம். முன்பெல்லாம் அது வேம்பின் வேருக்குப் போகும். இந்த வருடம் கல்லில் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனது. ஊரிலுள்ள வேம்பெல்லாம் துளிர்த்தும் இது மட்டும் மொட்டையாக நின்றது.

மூன்றாம் நாள் கந்தம்மாள் குடத்தோடு கடப்பாரையும் கொண்டுவந்தாள். பூசாரி ஆண்டி பதறிப்போனார்.

"ஏனுங்க, நோம்பி சாட்டின கோயில்ல இதென்னங்க அக்குறும்பு?"

"ஆத்தாளுக்கு ஊத்துனதச் சாக்கடைக்கு உட்டது அக்குறும்பு இல்லீங்களா சாமி? தழை மட்டும் ஒடிச்சு ஒடிச்சு எடுக்கறீங்க, ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டீங்களாக்கும்!"

யாரோ போன் போட, குணசீலன் பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனுங்கக்கா, என்ற கல்லப் பேக்கறீங்களா?"

"கல்லு உன்றது. மரம் ஆத்தாளுது. இங்க பாரு குணசீலா."

குடத்தைச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் அவர் பெயரைத் தாண்டி நேராகச் சாக்கடையில் விழுந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"கடப்பாரையக் கீழ போடுங்க. நீங்க இடிச்சா சுத்துக்கல்லெல்லாம் வெடிச்சுப்போகும். பட்டறையில இருந்து மிசினும் ஆளும் வரச்சொல்றேன்."

சாயங்காலத்துக்குள் மரத்தைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குக் கல்லை அறுத்து எடுத்துவிட்டார்கள். கம்பத்திலிருந்து மரத்துக்கு ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள். பெயர்க்கல்லும் அதில் போனது. குணசீலனுக்கு முகம் சுண்டித்தான் போயிற்று.

மறுநாளிலிருந்து இரண்டு குடம் ஊற்றியவர்கள் மூன்று ஊற்றினோம். சேலையெல்லாம் சேறு என்று சிலர் முனகினார்கள். "தொவச்சாப் போகுது" என்றாள் கந்தம்மாள்.

நோம்பி முடிந்து கம்பம் பிடுங்கும் நாளில் இரண்டு கொப்பில் செந்துளிர் விட்டிருந்தது. மேற்குக் கொப்பு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. வெட்டலாமா என்று கேட்ட குணசீலனிடம், "ஒரு மழை வந்து போவட்டும், பொறு" என்று சொல்லிவிட்டாள்.