எனக்கு முன்னால் வந்துவிட்டவள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். டெல்லியில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, என் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்ததால் பெங்களூரு மர்பி டவுனில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். இரண்டு மாதமாகியும் ஊர் எனக்கு ஒட்டவில்லை. சொல்லாமல் மழை வந்தது, கன்னடம் புரியவில்லை, என் தமிழைக் கேட்டுவிட்டுக் கறிக்கடைக்காரர் இந்தியில் பதில் சொன்னார். இவரோ ஒரே வாரத்தில் தெருவுக்கே சொந்தக்காரர். அந்தப் பொறாமை எனக்குள் இருந்தது, மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மாதா கோயில்காரர்கள் யாராவது ஒரு வீட்டில் கூடி, பத்துப் பத்து ஜெபங்களாக ஜெபமாலை சொல்வார்கள். வாராவாரம் இவர் கூப்பிடுவார், வாராவாரம் எனக்குத் தலைவலி. அன்றும் படுத்துத்தான் கிடந்தேன். ஆபீசிலிருந்து நேரே அங்கே போய்விட்டு வந்தவர், கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார்.

“வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீ முன்னால நின்னு சொல்லச் சொல்ல, கேட்டுட்டே இருக்கலாம்போல இருந்துச்சு.”

நான் வரவே இல்லை என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பிலோமினா அக்கா கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். “இன்னாம்மா, நேத்து சக்கத்தா, ஜோரா கன்னடம் பேசி எல்லாரையும் சிரிக்க வெச்சே, இன்னிக்கி பல்லு புடுங்கினாப்ல நிக்கிறே?”

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இரண்டு மாதத்தில் என்னால் முடியாததை எவளோ ஒருத்தி, என் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே மாலையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், கன்னத்தில் விழுந்த அந்தத் தட்டும் அவளுக்கானது.

அடுத்த வெள்ளி பிலோமினா அக்கா வீட்டில் கூட்டம். பிடித்தே தீருவதென்று, இவருக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். படியேறும்போதே கேட்டது, என் குரல், ஆனால் நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, ஈரமாக, அவசரமில்லாமல். வாசலைத் தாண்டினேன். குரல் இல்லை.

யாரும் திடுக்கிடவில்லை. அக்கா முழங்காலை ஒதுக்கி இடம் விட்டார். “தண்ணி குடிச்சியா? வா, நாலாவது பத்து பாதில நிக்குது.”

சமையலறைக்கு ஓடினேன். ஆள் இல்லை, பின்கதவும் இல்லை, டம்ளரின் விளிம்பு மட்டும் ஈரம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பாய் சூடாக இருந்தது. பாதியில் நின்றதைச் சொல்லத் தொடங்கினேன், தடுக்கியது, மறுபடி தொடங்கினேன். எதிரே இவர் முகத்தில் வெளிச்சம் மெல்லக் குறைவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்று இன்றுவரை யாரையும் கேட்கவில்லை. என்னுடையதைவிட நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகு அவள் வந்ததாக யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷமாயிற்று. இப்போது நான் பஸ்ஸில் கண்டக்டரோடு கன்னடத்தில் சண்டை போடுகிறேன், ஊர் என்னுடையதாகிவிட்டது.

இவர்தான் ஆகவில்லை. ஜெபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வது வழக்கம். காலையில் சவரம் செய்யும்போது இவர் பின்பாதியை மட்டும் முணுமுணுக்கிறார். நடுவில் நிறுத்துகிறார், இன்னொருவர் முன்பாதி சொல்லி முடிக்கிற அளவுக்கு, கண்ணாடியில் சிரித்தபடி. போன வாரம் தாங்க முடியாமல் கதவோரம் நின்று அந்த முன்பாதியை நானே சொன்னேன்.

குழாயை மூடிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், “கொஞ்சம் சும்மா இரேன், சரியா கேக்கல” என்றார்.