கெட்டிமேளத்தில் கேட்காமல் போன என் சத்தம்

போன தை மாதம், அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெரம்பலூர். காலை முகூர்த்தம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வாய் என்னைவிட நீளம், உடம்பில்தான் பலம் கிடையாது. பிறவியிலேயே வந்த அபூர்வமான மரபணுக் கோளாறு. தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துகொண்டே வரும். எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். ராத்திரி மூக்கில் மாஸ்க் மாட்டி, மெஷின் துணையோடுதான் தூங்குவாள். அவள் நடக்கவில்லையே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். எங்கள் பயம் வேறு. அவளால் பலமாக இருமக்கூட முடியாது. நமக்கு ஒரு செருமலில் போகிற சளி அவள் மூச்சையே அடைத்துவிடும்.

அன்றைக்கு அவளுக்கு லேசாகச் சளி இருந்தது. போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “மாமா பொண்ணு கல்யாணத்துக்கே போவலைன்னா எப்படிம்மா? உன் கல்யாணத்துக்குத்தான் என்னைக் கூப்பிடல” என்று மடக்கிவிட்டாள். எங்கள் ஊர் செந்துறையிலிருந்து கார் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். என் வீட்டுக்காரருக்குச் சிமென்ட் ஆலையில் ஷிப்ட். அதை முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஹோமப் புகை ஆகாது என்று கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக உட்கார்ந்திருந்தோம். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் வந்ததும் எல்லோரும் அட்சதையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் என் சித்தி மட்டும் இருந்தார். மகள் பக்கம் திரும்பினேன். கண்ணை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாள். மூச்சு அடைக்கிறது என்பதற்கு எங்களுக்குள் இருக்கிற சைகை அது. உதடு ஏற்கெனவே நிறம் மாற ஆரம்பித்திருந்தது.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளைப் பார்க்கிற திருச்சி டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிற ரப்பர் பை ஒன்று எப்போதும் என்னோடு இருக்கும். அதன் மாஸ்க்கை முகத்தில் இறுக்கிப் பிடித்து, நெஞ்சு நிறையக் காற்றை ஏற்ற வேண்டும். அவள் இரும முயலும் அதே நொடியில், விலாவுக்குக் கீழே வயிற்றை மேல்நோக்கி அழுத்த வேண்டும். அப்போதுதான் அவளுக்கு இருமல் வரும். மாஸ்க்குக்கும் பைக்கும் என் இரண்டு கையும் போய்விடும். வயிற்றை அழுத்துவது எப்போதும் அவள் அப்பாதான். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

வயிற்றை அழுத்த வசதியாக அவளைத் தூக்கித் தரை விரிப்பில் படுக்க வைத்தேன். சித்தி பதறிப்போனார். “அடிப்பாவி, பொரையேறுன புள்ளைய எவளாச்சும் படுக்க வைப்பாளா? தூக்கி உக்கார வைடி! தண்ணியக் குடு!” என்று உச்சந்தலையில் தட்டிக்கொண்டே பாட்டிலை அவள் வாயருகே கொண்டுவந்தார். ஊர் உலகத்தில் புரையேறினால் செய்வது அதுதானே? ஆனால் அந்த ஒரு மடக்குத் தண்ணீர் என் மகளைக் கொன்றுவிடும். பாட்டிலைத் தட்டிவிட்டேன். சித்தி மேலெல்லாம் தண்ணீர். அவர் அழவே ஆரம்பித்துவிட்டார்; வயிற்றை அழுத்தச் சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை.

“யாராவது வாங்களேன்!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தாலி ஏறும்போது தும்மல், அழுகை எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள்! தவில் இரண்டும் நாகஸ்வரம் இரண்டும் மண்டபத்தையே தூக்கிக்கொண்டிருந்தன. அத்தனை சனத்தின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மேடையில் ஒரே ஒருத்தி எங்கள் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா. மணப்பெண்ணுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மீதி இரண்டையும் அவள்தான் போட வேண்டும். அதற்கு முன்னால் நான் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கையை ஆட்டினேன். அடுத்த நொடி அந்தப் பெண் விளக்கைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு, மேடையிலிருந்து குதித்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அவள் கையைப் பிடித்து மகளின் வயிற்றில் வைத்தேன். “நான் தலைய ஆட்டுறப்ப அமுக்கும்மா!” என்று காதோரம் கத்தினேன். காற்றை ஏற்றினேன். தலையை ஆட்டினேன். பயந்துகொண்டு பூவைத் தொடுவதுபோல அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மகளின் கண் மேலே செருகிற்று. “அழுத்துடி!” என்றேன். முன்பின் தெரியாத சம்பந்தி வீட்டுப் பெண்ணை ‘டி’ போட்டு அதட்டினேன்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடி காற்று, மறுபடி அழுத்தல். தொண்டையில் ஏதோ அசைந்தது. இன்னொரு முறை. கெட்டியாக ஒரு சளிக் கட்டி வாய்க்கு வந்தது. விரலை விட்டு வழித்து எடுத்தேன்.

மகள் விசுக்கென்று மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு எப்படியோ கேட்டது. பெருமாளே என்று அவள் மேலேயே சாய்ந்து அழுதேன்.

மேளம் அதுவரை நிற்கவே இல்லை. முடிச்சு முடியாமல் எப்படி நிறுத்துவார்கள்? மாப்பிள்ளை தாலிக் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நாகஸ்வரக்காரர்கள் முகமெல்லாம் சிவந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறி மீதி முடிச்சுகளைப் போட்டாள்.

மேளம் ஓய்ந்ததும் அவள் வீட்டுப் பெரியம்மா ஒருவர், தாலி ஏறுகிற நேரத்தில் இறங்கி ஓடினது சகுனத் தடை என்று முணுமுணுத்தார். அவள் விடவில்லை. “புள்ள நீலம் பாரிச்சுக் கெடக்கு, நான் வெளக்கப் புடிச்சிக்கிட்டு வேடிக்க பாக்கவா பெரியம்மா?” என்றாள்.

என் வீட்டுக்காரர் வந்ததும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதித்துவிட்டு, மாலைவரை மூச்சு மெஷினிலேயே வைத்திருந்து அனுப்பினார்கள். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அந்தப் பெண் அதே பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். “அக்கா, நான் இந்தப் பக்கம் பாக்காம இருந்திருந்தா யாரு அமுக்கியிருப்பா?” என்று கேட்டாள். “அத எனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுங்க. உங்க தெருவுலயும் நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க” என்றாள். என் மகள் மாஸ்க்கை நகர்த்தச் சொல்லிவிட்டு, “இந்தத் தடவ வலிக்காம அமுக்குங்க அத்தை” என்றாள்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரிக்கும், மகளுடைய டீச்சருக்கும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கும் அந்த அழுத்தல் கை பழகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் என் சித்தியும் பயிற்சிக்கு வந்துவிடுகிறார். நான் போய்விட்டால் இவள் மூச்சு என்னாகும் என்று வருஷக் கணக்காகத் தூங்காமல் கிடந்தவள் நான். அந்தப் பயத்தோடும் கண் மூடித் தூங்கலாம் என்று எனக்குக் காட்டியது, தன் தம்பி கல்யாணத்தையே நடுவில் விட்டுவிட்டு ஓடி வந்த அந்தப் பெண்தான்.