நூற்றி எண்பதில் தொங்கிய பானை

பாதிக்கும் முழுசுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் மார்க் வாங்கினான். அது நான்தான்.

அரியலூருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையோரம் எங்கள் வீடு. விறகுப் புகையில் அம்மா இருமுவதைப் பார்த்துப் பார்த்து, வெயிலிலேயே சோறாக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். கேபிள்காரர் தூக்கிப்போட்ட பழைய டிஷ் கிடைத்தது. உள்பக்கம் முழுக்கப் பளபளப்புக் காகிதம் ஒட்டினேன். குறுக்களவு 120 சென்டிமீட்டர், ஆழம் 20.

பரவளையத்தின் சமன்பாடு x² = 4ay. a தெரிந்தால் குவியம் தெரியும். டிஷ்ஷில் விழுகிற வெயில் மொத்தமும் அங்கே வந்து சேரும். y என்பது ஆழம். x என்பது நடுவிலிருந்து விளிம்பு வரை, அதாவது 60. நான் பெருந்தன்மையாக 120 போட்டேன். விடை 180. அந்தத் தூரத்தில் பானையைக் கட்டித் தொங்கவிட்டேன். உச்சிவெயிலிலும் பானையில் இருந்தது பச்சைத் தண்ணீராகவே இருந்தது.

"லாரித் தூசி படிஞ்சு கெடக்குடா, எப்புடிக் காயும்?" என்று அம்மா முந்தானையால் துடைக்கக் குனிந்தாள்.

உண்மையான குவியம் 45இல் இருந்தது. நைலக்ஸ் சேலை, முழங்கை வரைக்கும் உருகி ஒட்டிக்கொண்டது. அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம், என்னைக் காப்பாற்ற, "அடுப்புல பட்டுடுச்சுங்க" என்றாள் அம்மா. சாயங்காலமே போலீஸ் வந்து அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அடுப்பு சுட்டதற்கு அப்பா என்ன செய்வார் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னாலேயே ஓடி, அங்கிருந்த பெண் எஸ்.ஐ.யிடம் குவியத்தை விளக்கினேன்.

"யாருடா சொல்லிக்குடுத்தது, ஒங்கப்பனா?"

"இல்ல மேடம், கணக்கு சார்."

பெஞ்சில் இருந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். அதற்குள் கணக்கைத் திருத்தியிருந்தேன். டிஷ்ஷை வெயிலுக்குத் திருப்பி, குச்சியில் சுற்றிய பேப்பரை 45இல் நீட்டினேன். புகைந்தது; குப்பென்று பிடித்துக்கொண்டது. விடை சரியாக வந்த சந்தோஷத்தில் சிரித்தே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பேப்பர் கரியாகி விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவை அனுப்பிவிடச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஜீப்பில் ஏறும்போது என் பக்கம் திரும்பினார்.

"அடுப்புல பட்டுடுச்சுன்னு சொல்ற எல்லாப் பொம்பளைங்க வூட்டுலயும் இப்புடி ஒரு டிஷ் இருக்காது தம்பி."