பாயில் உருகிய கௌடா

சாந்தோம் குப்பத்தில் சீஸை முதன்முதலில் பார்த்தவர்கள் நாங்கள்தான். அதைக் கருவாடு மாதிரி காயப்போட்ட பெருமையும் எங்கள் வீட்டுக்குத்தான்.

அம்மா, கடற்கரைப் பங்களாவில் ஹாலந்து நாட்டு அம்மா ஒருவருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். துரைசாணி என்போம். தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் ஊரிலிருந்து ஒருநாள் மஞ்சளாக, திருகைக்கல் மாதிரி வட்டமாக ஒன்று கப்பலில் வந்தது. அதில் பாதியை வெட்டி அம்மாவிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கே வந்து இதை உன் கையால் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு வர இன்னும் நாள் இருந்தது. அதுவரை கெடாமல் இருக்க வேண்டுமே. மிஞ்சிய மீனுக்குச் செய்கிற வைத்தியத்தையே அம்மா இதற்கும் செய்தாள். துண்டு போட்டு, உப்புத் தடவி, ஓலைப்பாயில் நெத்திலிக்குப் பக்கத்தில் பரப்பினாள். காக்காய் விரட்டுகிற வேலை எனக்கு. ஒரு காக்காயைக்கூட அண்ட விடவில்லை, அதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். வெயிலை எப்படி விரட்டுவது? மத்தியானத்துக்குள் எல்லாம் உருகி, நெய்யாக ஓடி, பாயோடு ஒட்டிக்கொண்டது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “வேல போச்சு. ஆசையா குட்தத பாழ் பண்ணிட்டியேன்னு கேட்டா இன்னா சொல்றது?”

“நாய் துன்னுட்ச்சுன்னு சொல்லு அண்ணி,” என்று சிரித்தார் சித்தப்பா.

பொய் சொல்கிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. ஞாயிறன்று துரைசாணி வந்து உட்கார்ந்ததும் சோறும் மீன்குழம்பும் போட்டு, அந்தப் பாயையும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டாள். அவர் பாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இதன் பேர் கௌடா என்றார். அது ஒரு ஊர்ப் பேராம். ஆனால் செய்வது அந்த ஊரில் இல்லையாம். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் செய்து, வண்டியில் ஏற்றி அங்கே சந்தைக்குக் கொண்டுவருவார்களாம். விற்ற ஊரின் பேரே ஒட்டிக்கொண்டதாம்.

அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “எங்க கதையும் அதாம்மா. எங்கூட்டுக்காரர் புடிக்கிற வஞ்சிரம், சிந்தாதிரிப்பேட்ட மார்க்கெட்ல வித்து மைலாப்பூர் போய்ச் சேந்தா சிந்தாதிரிப்பேட்ட மீனு!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடு என்று துரைசாணி சொன்னதும் எனக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் அவர் குழம்பை விட்டுவிட்டு, பாயில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, உப்பும் ஓலைத் துரும்புமாக வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர் ருசி என்றார். அவ்வளவு பெரிய பங்களாவில் இருக்கிறவருக்கு இவ்வளவு பசியா என்று பாவமாக இருந்தது. என் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மறுபடி சுரண்டினார். சோறு இருக்கும்போது இவர் ஏன் பாயைச் சுரண்டுகிறார் என்று யோசித்துக்கொண்டே நான் சாப்பிட்டு முடித்தேன்.