ஆறு பேருக்கே வந்த கொடியெழுத்து

தை பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி. பனி விலகவில்லை, களத்தில் சம்பா நெல் ஈரமாகக் கிடந்தது. திருவிடைமருதூரிலிருந்து சைக்கிளில் வந்த தாய்மாமா, இறங்காமல் ஒரு காலை ஊன்றியபடியே என் காதுகுத்துப் பத்திரிகையை வாசலில் விட்டெறிந்தார்.

"எல்லார் பேரும் கொடியும் பூவுமா ஆடுது. என் பேரு மட்டும் மொட்டையா நிக்குது. மடியில வச்சுக் காது குத்த மட்டும் நான் வேணுமா, மாப்ளே?"

அப்பா பதில் சொல்வதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது. அடுப்படியில் அம்மா அழுதாள்.

மாமா சொன்னது பொய்யில்லை. பத்திரிகையின் கீழே ஏழு பெயர்கள். ஆறு பெயர்களில் சுழிகளெல்லாம் கொடியாக நீண்டு, நுனியில் மொட்டு விட்டிருந்தன. ஏழாவது, மரியாதைக்கென்று அப்பா தனி வரியில் போடச் சொன்ன மாமாவின் பெயர், ஏல நோட்டீஸ் போல இருந்தது.

அன்றே பஸ் ஏறி கும்பகோணத்து அச்சகத்துக்குப் போனோம்: அப்பா, பெரியப்பா, ஏழு வயது நான். அச்சகக்காரர் ஒரு மரத்தட்டை இழுத்துக் காட்டினார். அறைகள் எல்லாம் காலி.

"ஈயத்துல வார்த்த இந்த அச்சு எழுத்து இவ்வளவுதாங்க இருக்கு. ஆறு பேரைக் கோத்ததும் தீந்து போச்சு. ஒருத்தர் பேரைப் பிரிச்சாத்தான் இவர் பேரைக் கோக்க முடியும். யாரைப் பிரிக்கட்டும், சொல்லுங்க."

கொடியெழுத்துதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் பெரியப்பா. அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"என் பேரைப் பிரிங்க" என்றார் அப்பா. அவர் பெயரும் மாமா பெயரும் 'மூர்த்தி' என்றே முடிந்ததால் எழுத்தும் ஒத்துவந்தது.

புதுப் பத்திரிகையில் தன் பெயரின் கொடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சீர்த்தட்டுகளோடு வந்தார் மாமா. அவர் மடியில் உட்கார்ந்ததுமே நான் கத்தினேன்.

"ஊசி இன்னும் கிட்டவே வரலியேடா!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கத்தியது காதுக்காக அல்ல. ஊரார் எல்லோர் முன்னாலும் அப்பாவின் சட்டையைக் கழற்றி மாமாவுக்குப் போட்டுவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. "ஏன் குடுத்தீங்க?" என்று அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"எழுத்துதானேடா" என்றார்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான் என்பதும், அந்த வாசல் அவளுக்கு மூடிவிடாமலிருக்க அப்பா கொடுத்த விலை அது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

இந்தத் தையில் என் பேரனுக்குக் காதுகுத்து. டிசைன் கடைப் பையனின் கணினியில் கொடியெழுத்து நாற்பத்திரண்டு வகை இருக்கிறது. எத்தனை பேருக்குப் போட்டாலும் தீராது. எல்லார் பெயரையும், என் பெயரையும் சேர்த்து, மொட்டையாகப் போடச் சொன்னேன். மேலே, ஆசி வழங்கும் இடத்தில், அப்பா பெயருக்கு மட்டும் கொடியும் பூவும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படி இருந்தா நல்லா இருக்காதே, தாத்தா."

"போடு."

அதற்குத் தனியாக இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.