வலிக்கிறது என்று சொல்லக் கற்றவர்

பாக்கியம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்துப் பழக்கிய பயிற்சியைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, முழங்காலை நீட்டிப் பிடித்திருந்தேன். அவருடைய மருமகன் வந்து சொன்னார். காலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மரண வீட்டில் காதில் விழுந்த முதல் பேச்சே வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. "போனைப் பாத்து ஆட்டம் போட்டாங்க. இந்த வயசுல ஒடம்பு தாங்குமா?" என்றார் எங்கள் தோட்ட மருந்தகத்து டொக்டர் ஐயா. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பாக்கியத்தை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது வேறு.

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலை மலையில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் அவர். ஏற்றமும் இறக்கமும் இரண்டு முழங்காலையும் தேய்த்துவிட்டன. டவுன் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் மிஸ், மூட்டுத் தேய்மானத்துக்கான ஒரு செயலியை அவருடைய போனில் போட்டுக் கொடுத்தார். தினமும் அது தமிழில் பேசிப் பயிற்சி காட்டும். முடிந்ததும் வலி எவ்வளவு என்று கேட்கும். பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணைத் தொட வேண்டும்.

பாக்கியம் தினமும் பூச்சியத்தையே தொட்டார். செயலி அதை நம்பிப் பயிற்சியைக் கடினமாக்கிக்கொண்டே போனது. முழங்கால் பொம்மென்று வீங்கிவிட்டது. கேள்விப்பட்டு மிஸ் போனில் அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"வலிக்கலையாம்மா?"

"உசுரு போகுதுங்க மிஸ்."

"அப்புறம் ஏன் பூச்சியம் போட்டீங்க?"

"வலின்னு சொன்னா வெரட்டிருவாங்களே!"

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. காலையில் பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வலி என்று வாய் திறந்தவரைக் கணக்கப்பிள்ளை லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய சம்பளம் இல்லை. அப்படிப் பழகிய வாய், போனிடமும் பொய் சொன்னது.

"போனு ஒன்ன வெரட்டாது, பாக்கியம்" என்றேன்.

"கங்காணிகிட்ட சொல்லிப்புட்டா என்னண்ணே செய்யிறது?" என்று சிரித்தார்.

மறுநாள் எட்டைத் தொட்டார். செயலி பயிற்சியை இலகுவாக்கியது. வீக்கம் மெல்ல வடிந்தது. தேர்த் திருவிழாவில் கோயில் படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். அதன் பிறகு, முழங்கால் தேய்ந்த என்னையும் லயத்துப் பெண்களையும் பயிற்சி செய்யாமல் விடவில்லை. "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணே. அதுல என்ன வெக்கம்?" என்று அதட்டுவார்.

இறப்பதற்கு முந்தின நாள் நெஞ்சில் வலி என்றார். மருந்தகத்துக்கு நானும் கூடவே போனேன். "நெஞ்சு வலிக்குதுங்க ஐயா. பத்துன்னா பத்துங்க" என்றார். ஐயா நாடிகூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "ஒங்களுக்கெல்லாம் எப்பவும் வலிதான். வாயுவா இருக்கும்" என்று பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போவோம் என்றேன். "ஐயாவே வாயுன்னுட்டாங்க, விடுங்கண்ணே" என்று பாக்கியம் வீட்டுக்கு நடந்தார். முழங்காலில் ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் நடந்தார்.

போன் அவருடைய பொய்யைக்கூட நம்பியது. இந்த மனிதர் உண்மையை நம்பவில்லை. பழியை மட்டும் போன்மேல் போட்டார். அதைக் கேட்டு லயத்துப் பெண்கள் பயந்துபோய்ப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தமாட்டேன்.

வலிக்குது. பாக்கியத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். கருமாதி முடிந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன்.

"என்ன பெரியவரே?" என்றார் ஐயா.

"முழங்கால் வலிக்குது. நீங்க தொட்டுப் பாக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, அவருடைய பாதையை மறித்துக் காலை நீட்டிப் பிடித்தேன்.