எங்கள் வீட்டில் ஹனுக்கா

என் இருமல் மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. சளிப் பரிசோதனையில் (சளியில் காசநோய்க் கிருமியைத் தேடுவது) 'உண்டு' என்று வந்தது. வேறு யாருடைய சளியோ என்று டாக்டரிடமே கேட்டேன். அவர் ஆறு மாத மருந்து எழுதினார்.

இரண்டாம் மாதம் இருமல் குறைந்தது. சந்தேகம் கூடியது. தேறியவனுக்கு எதற்கு இத்தனை மாத்திரை? பாதியில் நிறுத்தினால் கிருமி வலுத்துத் திரும்பும், பிறகு இந்த மருந்துக்கு அடங்காது என்றார் டாக்டர். பயமுறுத்துகிறார் என்றே நினைத்தேன். அன்றிரவு முதல் நிறுத்துவதாக இருந்தேன்.

இனித் தொற்றாது என்று தெரிந்த பிறகும் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டுக்கு உறவினர் வரவில்லை. மாடியில் வாடகைக்கு இருந்த ஏலி மட்டும் வந்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்த இஸ்ரேல்காரர். அவர் ஊரில் கலவரம், போக முடியவில்லை. நான் மருந்தை நிறுத்த நினைத்த அன்றுதான் ஹனுக்கா (யூதர்களின் விளக்குப் பண்டிகை) தொடக்கம். தனியாக ஏற்ற மனமில்லை என்று மெழுகுவர்த்திகளோடு இறங்கி வந்தார். வாடகையைக் குறைக்கச் சொல்வாரோ?

"கார்த்திகைதான் போயிடுச்சே, இன்னாத்துக்கு இப்ப ஏத்துறாரு?" என்றாள் மனைவி சரசு. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

முதல் நாளுக்கு ஒன்று என்றார், இரண்டு எரிந்தன. சுட்டிக்காட்டினேன்.

"இன்னொன்று மற்றதை ஏற்றிவைக்கும் வேலைக்காரன். கணக்கில் சேராது."

கரண்ட் போயிற்று. சரசு மாத்திரையை நீட்டினாள். அட்டை புதிதாக இருந்தது. பெயரைச் சரிபார்க்க அதைச் சுடரருகே கொண்டுபோனேன்.

ஏலி தடுத்தார். "இந்த வெளிச்சத்தில் படிக்கக் கூடாது. பார்க்கலாம், நன்றி சொல்லலாம்."

"வேலைக்காரன் வெளிச்சத்தில்?"

சிரித்தார். "சட்டப்படி சரி. எங்கள் அம்மா விடமாட்டார். எரிந்து முடியும்வரை பெண்களுக்கு வேலையும் கிடையாது."

சரசுவுக்குத் தமிழில் சொன்னேன்.

"இது நல்லா கீதே! மாத்திரையப் போட்டா போடுங்க, இல்லாங்காட்டி சும்மா குந்துங்க. நான் எழுந்துக்க மாட்டேன்."

சுவரில் சாய்ந்து கால் நீட்டினாள். எனக்கு நோய் வந்த நாளிலிருந்து அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓயாமல் நின்று வேலை செய்ததில் இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. என் எடையை வாரந்தோறும் பார்த்துவந்த நான் அவளைப் பார்த்திருக்கவில்லை.

மாத்திரையை விழுங்கினேன். மறுநாளும் விழுங்கினேன்.

கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அதையும் வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொண்டேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த ஆறு மாதமும் என் உடம்பில் மட்டுமே நடந்தது என்று எண்ணியிருந்தேன். சரசுவின் உடம்பிலும் நடந்திருக்கிறது.